சோம்பேறிச் செடி

விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுக்கு வெட்டிய பூங்கொத்து தூக்கிக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, டாக்டர். இரண்டு நாளில் ஜாடித் தண்ணீர் நாறும், அதற்கடுத்த நாள் குப்பைக்கூடை. செத்துக்கொண்டிருக்கிற ஒன்றைப் பளபளப்பான காகிதத்தில் சுற்றி, ரிப்பன் கட்டி, சிரித்துக்கொண்டே நீட்டுவது என்ன மரியாதையோ. நான் தொட்டிச் செடிதான் கொடுப்பேன். அதுவும் கப்பலேறி வந்த அலங்காரச் செடி இல்லை. இந்த மண்ணிலேயே முளைத்து, இந்த வெயிலுக்கும் மழைக்கும் பழகின நாட்டுச் செடி. உங்கள் மேசையில்கூட ஒன்று வைத்திருக்கிறீர்களே, நல்ல விஷயம். கொஞ்சம் ஒல்லியாக நீண்டுவிட்டது. மூன்று கிளைக்கும் நுனி கிள்ளிவிட்டால் பக்கத்தில் துளிர் வெடித்து அடர்த்தியாக வரும். சரி, அது கிடக்கட்டும்.

என்ன கிழமை என்று கேட்டீர்கள், சொன்னேன். கடிகாரம் வரையச் சொன்னீர்கள், வரைந்தேன். உங்கள் சுவரில் தொங்குவதைவிட என்னுடையது ஒழுங்காக ஓடும் போலிருக்கிறது. சாவி, யானை, குடை, மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள், வைத்திருக்கிறேன். இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டு. என் ஞாபகம் எவ்வளவு சுத்தம் என்று காட்ட என்னிடம் இதைவிட நல்ல சாட்சி இருக்கிறது. என் அண்ணிக்கு நான் செய்ததை முதலிலிருந்து வரிசை பிசகாமல் சொல்கிறேன். மூளை குழம்பினவளால் அப்படிச் சொல்ல முடியுமா என்று நீங்களே முடிவு பண்ணுங்கள். வெளியே பெஞ்சில் என் அண்ணன் மகள் உட்கார்ந்திருக்கிறாள், அவள் காதில் விழ வேண்டாம். அந்தக் கதவை மட்டும் சாத்திவிடுங்கள். நன்றி.

எனக்கு நர்சரி. ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை, நிழல்வலை, ஒரு பழைய வேன். நாட்டுச் செடிகள் மட்டும்தான் வளர்க்கிறேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கை சும்மா இருக்காது. எந்தச் செடியைக் கடந்து போனாலும் கட்டைவிரல் நகம் போய் ஒரு நுனியைக் கிள்ளிவிடும். பேச்சு ஒரு பக்கம் ஓடும், கை ஒரு பக்கம் கிள்ளும். கிள்ளினதே நமக்குத் தெரியாது. என் நகத்தைப் பாருங்கள், இந்தப் பச்சை எந்த சோப்புக்கும் போகாது.

எங்கள் வீட்டில் ஒரு நீளமான மேசை உண்டு. வருடக் கடைசி விடுமுறையில் சொந்தபந்தம் எல்லாம் அதைச் சுற்றி உட்காரும். எங்கள் அம்மா இருந்தவரை நடுநாற்காலி அம்மாவுக்கு, அவள் பக்கத்து நாற்காலி எனக்கு. அம்மா போன பிறகு மேசை அண்ணனுக்கு வந்தது. அண்ணனுக்கு வந்தது என்றால் அண்ணிக்கு வந்தது என்று அர்த்தம். நான் விருந்தாளி ஆனேன். பிறந்து வளர்ந்த வீட்டில் அழைப்புமணி அடித்துவிட்டு வாசலில் நிற்கிற சுகம் உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அண்ணி கெட்டவள் என்று நான் சொல்லவே மாட்டேன். நன்றாகச் சமைப்பாள், கலகலப்பாகப் பேசுவாள், கொஞ்சம் கூடுதலாகவே பேசுவாள். வருடா வருடம் நான் தொட்டியோடு உள்ளே வரும்போது ஒரு வசனம் வைத்திருந்தாள்.

"வந்தாச்சுப்பா எங்க வனத்துறை. எல்லாரும் கொஞ்சம் வழி விடுங்க, மண்ணு சிந்தும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு தொட்டி, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் போய் உட்காரும்.

ஒரு வருடம் நான் கொடுத்தது, நர்சரியில் நாங்கள் சோம்பேறி என்று கூப்பிடுகிற செடி. அழகான செடி, நீலத்தில் பொடிப்பொடியாகப் பூக்கும். ஆனால் தண்ணீர் குறைந்தால் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டைக் குச்சியாக நின்று தூங்கப் போய்விடும். பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்றே சத்தியம் செய்வார்கள். தண்ணீர் காட்டினால் நாலைந்து நாளில் எதுவுமே நடக்காதது மாதிரி தளதளவென்று எழுந்துகொள்ளும். இதை அண்ணியிடம் விவரமாகச் சொல்லித்தான் கொடுத்தேன். அவள் அந்த நேரம் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள்.

அடுத்த விருந்தில், மேசை நிறைய ஆட்கள் இருக்கும்போது, கரண்டியும் கையுமாகச் சொன்னாள். "ஏம்மா, உன் செடி போன வருஷமே போய்ச் சேந்துடுச்சு. குப்பைக்காரன்கிட்ட குடுத்துட்டேன். அடுத்த தடவ உயிரோட இருக்கிறதா ஒண்ணு கொண்டு வா."

"அது சாகல அண்ணி. தூங்கிச்சு."

"அப்ப குப்பைமேட்டுல நிம்மதியாத் தூங்கட்டும்."

மேசையே அதிர்ந்தது. என் அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணி என் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தாள். நான் சாப்பிட்டேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இவளுக்குச் செத்ததற்கும் தூங்குவதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரியாத ஒருத்திக்குத் தெரிய வைப்பது என் தொழில்.

அடுத்த வருடமும் சோம்பேறியையே கொண்டுபோனேன். அண்ணிக்கு மனதில் உறுத்தியிருக்க வேண்டும். இந்தத் தடவை தொட்டியை இரண்டு கையாலும் வாங்கி, வரவேற்பறை ஜன்னலில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தாள். "கொழந்த மாதிரி பாத்துக்கறேன், போதுமா" என்றாள்.

போதும் என்றேன். அவளுக்குக் கொடுத்தது ஒரு தொட்டி. என் கொட்டகையில் இன்னும் இரண்டு இருந்தன. மூன்றும் ஒரே தாய்ச்செடியின் துண்டுகள், ஒரே வளர்த்தி, ஒரே மாதிரி மண்தொட்டி. முதல் தொட்டியின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. இடுக்கியால் மற்ற இரண்டிலும் அதே இடத்தில், அதே அளவுக்குப் பெயர்த்தேன். நுணுக்கமான வேலை, அதற்கு மட்டும் ஒரு மத்தியானம் ஆனது.

அண்ணி வியாழக்கிழமை தோறும் நீச்சல் வகுப்புக்குப் போவாள். மூட்டுவலிக்கு நல்லது என்று யாரோ சொல்லி, அவள் வயதுப் பெண்கள் ஒரு பட்டாளமாகத் தண்ணீரில் இறங்கிக் கத்திக்கொண்டிருப்பார்கள். அண்ணன் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில். பின்கதவுச் சாவி என்னிடம் இருந்தது. அண்ணியே கொடுத்ததுதான். வெளியூர் போனால் வீட்டைப் பார்த்துக்கொள்ள என்னைவிட நம்பிக்கையான ஆள் யார் இருக்கிறார்கள்?

முதல் வியாழன் தளதளப்பை எடுத்துக்கொண்டு மொட்டையை வைத்தேன். சாயங்காலமே போன் வந்தது.

"ஏய், காலைல வரைக்கும் நல்லா இருந்துச்சு. இப்பப் பாத்தா ஒரு இல இல்ல."

"கீழ கொட்டிக் கிடக்கா அண்ணி?"

"அதான் இல்லையே. ஒண்ணுகூட இல்ல."

"நீங்களே பெருக்கித் தள்ளிட்டு மறந்திருப்பீங்க. விடுங்க, தூங்குது."

அடுத்த வியாழன் தளதளப்பு. அதற்கடுத்த வியாழன் பூ. பிறகு மறுபடி மொட்டை. தண்ணீரை நிறுத்தினால் தூங்கும், ஊற்றினால் எழும். எந்தத் தொட்டி எந்த வாரம் எப்படி இருக்க வேண்டும் என்பது என் வாளியில் இருந்தது. செடி வைத்த பிறகு தொட்டிக்கு அடியிலிருக்கிற தட்டைத் துடைத்து, ஜன்னல் திரையை முன்பிருந்த மாதிரியே இழுத்துவிட்டு வருவேன். மொத்த வேலையும் ஒரு தேநீர் ஆறுகிற நேரம்தான்.

போட்டோ எடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்தாள். அண்ணனிடம் நீட்டினாள். அவர் போட்டோவைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்றார். ஜன்னலைப் பார்த்து "காஞ்சிருக்கு, தண்ணி ஊத்து" என்றார். அவருக்கு உலகத்தில் எல்லாக் கோளாறும் கண் கோளாறுதான். அண்ணிக்குப் புதுக் கண்ணாடி செய்துகொடுத்தார். அது சரிப்படவில்லை என்று இன்னொன்று. அண்ணி இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு செடி முன்னால் உட்கார்ந்திருப்பாள். அந்தக் காலத்தில் அவள் என்னை வனத்துறை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, பழகிப்போயிருந்தது.

ஒரு வியாழன் போனபோது, தளதளப்பின் கீழ்க்கிளையில் ஒரு சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தது. யாரோ செடியை மாற்றுகிறார்கள் என்பதை அண்ணி யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். மொட்டைச் செடியில் நூல் இல்லை என்றால் அவள் ஜெயித்தாள். உண்மையைச் சொல்கிறேன், அன்றுதான் அவள் மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. முடிச்சு எப்படி என்று பார்த்துக்கொண்டு நூலை அவிழ்த்து, மொட்டையின் அதே கிளையில், அதே முடிச்சாகக் கட்டினேன். இரட்டை முடிச்சு, இடது பக்கம் வால் நீளம்.

அன்று போன் வரவில்லை. நானே பண்ணினேன்.

"செடி எப்படி இருக்கு அண்ணி?"

"எனக்கு என்னமோ ஆயிடுச்சும்மா" என்றாள். அவ்வளவு சின்னக் குரல் அவளுக்கு உண்டு என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அண்ணன் பாருங்கள், எதையும் தள்ளிப்போடுகிற ஆள். டாக்டரிடம் காட்டலாம் என்பார், அடுத்த மாதம் என்பார், அடுத்த விருந்து முடியட்டும் என்பார். விருந்து முடியட்டும் என்றால், அந்த விருந்தையும் அண்ணியே நடத்துவாள். அது எனக்கு ஒத்துவரவில்லை.

அந்தச் சமயம் அண்ணன் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். மத்தியானம். அண்ணி பால் காய்ச்சி இறக்கி அடுப்பை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் சமையலறை வழியாகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போகிற போக்கில் அடுப்பின் கேஸ் குமிழை மறுபடி திருப்பிவிட்டேன், தீ இல்லாமல். பக்கத்து அறையில் குழந்தை தூங்குவது எனக்குத் தெரியாது. தெரியாது என்றால், தெரியும். ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனேன். ஓரளவு.

ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் மகளுக்கு மூக்கு கூர்மை, சின்ன வயதிலிருந்தே. லீவு நாட்களில் என் நர்சரியில்தான் வளர்ந்தாள். மண்ணை முகர்ந்தே தண்ணீர் போதுமா இல்லையா என்று சொல்வாள். ஓடிவந்து அடுப்பை அணைத்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனாள். அண்ணி துண்டோடு நின்று "நான் அணைச்சேன், நான் அணைச்சேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அணைச்சேனா?" என்று தன் மகளிடமே கேட்டாள்.

அந்தக் கேள்விதான் அவளை மனநலக் காப்பகத்துக்கு அனுப்பியது. நானில்லை.

அந்த வருடம் விருந்து என் கைக்கு வந்தது. அம்மாவின் நாற்காலி உட்காருவதற்கு அப்படி ஒன்றும் வசதியில்லை, முதுகு நேராக இருக்கும். நன்றாகவே நடந்தது. எல்லோரும் அண்ணியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி, பிறகு தட்டைப் பார்த்தார்கள். அண்ணன் மகள் மட்டும் ஜன்னல் பக்கம் போய்ச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்த, அம்மா செடி நுனியக் கிள்ளுவாளா?"

"ஏன் கேக்கற?"

"எல்லா நுனியும் கிள்ளியிருக்கு. சுத்தமா, நகத்தால."

"பழகியிருப்பாடா. என்னப் பாத்துப் பாத்து."

அவள் தலையாட்டினாள். நான் கிள்ளியதாக எனக்கு ஞாபகமே இல்லை. கை செய்திருக்கும். ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அந்தத் தலையாட்டலிலேயே எனக்குப் புரிந்தது.

அண்ணன் அடுத்த மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். அதில் எனக்குச் சம்பந்தமில்லை, எதையும் என் தலையில் கட்ட வேண்டாம். வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது என்று நான் குடிவந்தேன். மாதம் ஒருமுறை அண்ணியைப் பார்க்கப் போவேன். வெள்ளை மாத்திரை கொடுத்துக் கொடுத்து இப்போது ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். மொட்டையாக. அங்கே தொட்டி வைக்கக் கூடாது என்று சட்டம், தூக்கி எறிந்துவிடுவார்களாம். இல்லையென்றால் ஒன்று கொண்டுபோயிருப்பேன்.

இப்போது என் விஷயம். போன விடுமுறை விருந்துக்கு வந்தபோது அண்ணன் மகள் எனக்கு ஒரு தொட்டி கொண்டுவந்தாள். சோம்பேறி. விளிம்பில் அதே சில்லு. வாசலில் நின்று நீட்டினாள், நான் வாங்கி அந்த ஜன்னலிலேயே வைத்தேன். அவள் என்ன நினைத்து வந்திருக்கிறாள் என்று உடனே பிடிபட்டுவிட்டது, மனதுக்குள் சபாஷ் என்றுகூடச் சொன்னேன். என்னிடம் படித்த பிள்ளையல்லவா.

உங்களிடம் அவள் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள் என்று தெரியும். செடியே கொண்டுவரவில்லை, கேக் பெட்டிதான் கொண்டுவந்தேன் என்கிறாள். கூசாமல் சொல்கிறாள். அந்தக் கேக் யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது, நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது. ஒரு நாள் தளதளப்பு, மறுநாள் மொட்டை. நான் பதறவில்லை, செய்முறை தெரிந்தவள் எதற்குப் பதறுவாள்? பூட்டை மாற்றினேன். செடி மாறியது. சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டேன். செடி மாறியது. கீழ்க்கிளையில் சிவப்பு நூல் கட்டினேன், காலையில் மொட்டைச் செடியில் அதே நூல், அதே இரட்டை முடிச்சு, இடது வால் நீளம். அந்த முடிச்சு அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. மிச்ச இரண்டு தொட்டியையும் என் கொட்டகையிலேயே வைத்து, என் வாளியிலேயே தண்ணீர் ஊற்றுகிறாள். என் வேன் இருக்கையில் ஈரமண் சிந்திக் கிடக்கிறது. என் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் போய்வருகிறாள், காலையில் பார்த்தால் அடியெல்லாம் சேறு. அந்த வாரமெல்லாம் நான் வெளியூரில் என் வீட்டில் இருந்தேன் அத்தை என்கிறாள், அவள் புருஷனும் ஆமாம் என்கிறான். குடும்பமே சேர்ந்து செய்கிறது. போன வாரம் அடுப்பு. நான் அணைத்துவிட்டுத்தான் படுத்தேன், டாக்டர். அணைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி எழுப்பினார்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தத் தாளில் இவளுக்கு ஞாபகம் சரியாக இருக்கிறது என்று எழுதுங்கள். நான் சொன்னதெல்லாம் நிஜம் என்று எழுதுங்கள். போலீஸைக் கூப்பிட வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், இதே வரிசையில் அவர்களிடமும் சொல்கிறேன். ஜெயிலில்கூடத் தோட்ட வேலை கொடுப்பார்களாம். காப்பகம் மட்டும் வேண்டாம். அண்ணிக்குப் பக்கத்து அறை காலியாக இருக்கிறதாம், அவள் மகள் விசாரித்து வைத்திருக்கிறாள். அங்கே யாருக்கும் தூங்குவதற்கும் செத்ததற்கும் வித்தியாசம் தெரியாது.

சாவி, யானை, குடை. பார்த்தீர்களா, ஒன்றும் போகவில்லை.

ஏன் எழுதாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஓ, இந்தச் செடியா. நான் வந்து உட்காரும்போது மூன்று கிளையிலும் நுனி இருந்தது, நானே சொன்னேனே. இப்போது மூன்றும் கிள்ளியிருக்கிறது. சுத்தமாக, நகத்தால். கிள்ளின இடம் இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, நீங்களும் எழுந்திருக்கவில்லை, கதவும் சாத்தித்தான் இருக்கிறது.

அவள் எப்போது உள்ளே வந்துவிட்டுப் போனாள், டாக்டர்?